கைப்பக்குவம் கூடாத சமையல்

ஒரே சோர்ஸ் கோடை, ஒரே கம்ப்யூட்டரில், பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை கம்பைல் செய்தால் வெளியே வரும் இரண்டு கோப்புகளும் ஒன்றாக இருக்குமா? மென்பொருள் துறைக்கு வெளியே இருப்பவர்கள் "இதென்ன கேள்வி, இருக்கத்தானே வேண்டும்" என்பார்கள். உள்ளே இருப்பவர்களில் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2013இல் டெபியன் லினக்ஸ் திட்டத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 5,000க்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகளைத் திரும்பக் கட்டிப் பார்த்ததில், பைட்டுக்குப் பைட் ஒன்றாக வந்தவை 24 சதவீதம். மிச்சம் முக்கால் பங்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரி வந்தன.

ஓடுதுல்ல, அப்புறம் என்ன? நியாயமான கேள்விதான். இந்தக் கட்டுரை முழுக்க அதற்கான பதில்.

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் வாக்குறுதி எளிமையானது. கோட் எல்லோர் முன்னாலும் இருக்கிறது; யார் வேண்டுமானாலும் படிக்கலாம்; அதில் திருட்டு வேலை இருந்தால் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் ஓட்டுவது சோர்ஸ் கோடை இல்லையே? யாரோ ஒருவர் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் அந்தக் கோடைக் கம்பைல் செய்து பைனரியாக்கி வைத்திருக்கிறார். நாம் அதைத்தான் இறக்கிக்கொள்கிறோம். படிக்க முடிந்ததை ஓட்டுவதில்லை, ஓட்டுவதைப் படிக்க முடிவதில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மனிதரின் லேப்டாப்பும் அவர்மேல் நமக்கிருக்கும் நம்பிக்கையும் மட்டும்தான்.

ரசத்துக்குக் கணக்குக் கேட்டால் "புளி எலுமிச்சை அளவு, உப்பு தேவையான அளவு" என்று சொல்வார்கள். அதையே நாம் செய்தால் அந்த ருசி வராது. கேட்டால், அது கைப்பக்குவம் என்று முடித்துவிடுவார்கள். சமையலில் அது பெருமை. மென்பொருளில் அதே கைப்பக்குவம் ஒரு பெரிய ஓட்டை. செய்முறை வெளிப்படையாக இருந்தும், அதே பண்டத்தை இன்னொருவரால் செய்துகாட்ட முடியவில்லை என்றால், பண்டத்துக்குள் என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் சோதிக்க முடியாது. யார் கட்டினாலும், எங்கே கட்டினாலும், எப்போது கட்டினாலும் ஒரு பிட் கூட மாறாமல் அதே பைனரி வரவேண்டும். இதைத்தான் ரீப்ரொடியூசிபிள் பில்ட் என்கிறார்கள். தமிழில் மீள்கட்டு என்று வைத்துக்கொள்வோம்.

*

இந்தக் கவலையின் வேர் ஒரு விருது மேடையில் இருக்கிறது. யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்ப்சனுக்கும் டென்னிஸ் ரிச்சிக்கும் 1983ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. ஏற்புரையில் தாம்ப்சன் யூனிக்ஸைப் பற்றிப் பேசவில்லை. தான் எழுதியதிலேயே அழகான புரோகிராம் என்று சொல்லி ஒரு திருட்டு வேலையை விளக்கினார். 1984 ஆகஸ்டில் அந்த உரை அச்சில் வந்தது.

அவர் செய்தது இதுதான். சி மொழிக் கம்பைலரை எடுத்துக்கொண்டார். லாகின் புரோகிராமைக் கம்பைல் செய்யும்போது மட்டும், தனக்குத் தெரிந்த ஒரு ரகசியக் கடவுச்சொல்லையும் அது ஏற்றுக்கொள்ளும்படி மாற்றி எழுதச் சொன்னார். இது பெரிய விஷயம் இல்லை. கம்பைலரின் சோர்ஸைப் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் இரண்டாவதாக ஒன்று சேர்த்தார். கம்பைலர் தன்னையே கம்பைல் செய்யும் சந்தர்ப்பத்தை அடையாளம் கண்டு, இந்த இரண்டு தந்திரங்களையும் புதிய பைனரிக்குள் தானே நுழைத்துவிடும். பிறகு சோர்ஸிலிருந்து திருட்டு வரிகளை அழித்துவிட்டார். இப்போது கம்பைலரின் சோர்ஸ் சுத்தம், லாகினின் சோர்ஸ் சுத்தம். ஆனால் அந்தக் கம்பைலரைக் கொண்டு எத்தனை முறை புதிதாகக் கட்டினாலும் பின்கதவு தலைமுறை தலைமுறையாகத் தொடரும். நீங்களே முழுக்க எழுதாத எந்தக் கோடையும் நம்ப முடியாது என்பது அவர் சொன்ன நீதி.

இந்த யோசனை முழுக்கத் தன்னுடையது இல்லை என்றும் தாம்ப்சன் சொன்னார். 1970களில் மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்தை அமெரிக்க விமானப்படைக்காக ஆராய்ந்த அறிக்கையில் அதற்கு முன்பே இந்தப் பொறி விவரிக்கப்பட்டிருந்தது. 2023இல் ரஸ் காக்ஸ், தாம்ப்சனிடமிருந்தே அந்தப் பழைய கோடை வாங்கி, வரிக்கு வரி விளக்கத்தோடு வெளியிட்டார். முழுத் தந்திரமும் நூறு வரிக்குள் அடங்கிவிட்டது. இத்தனை ஆண்டு பயமுறுத்திய பூதம் இவ்வளவு ஒல்லியா என்று படிக்கும்போது தோன்றுகிறது.

உரை புகழ்பெற்றது. கல்லூரிகளில் பாடமாக வைத்தார்கள். ஆனால் வேலை நடந்த விதம் மாறவில்லை. அதைத் தத்துவப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார்கள். "ஆமா, கடைசியில் யாரையாவது நம்பித்தானே ஆகணும்" என்று பெருமூச்சு விட்டுவிட்டு அவரவர் லேப்டாப்பில் கட்டிய பைனரிகளை உலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

*

மாற்றம் வந்தது பணத்தாலும் பயத்தாலும்.

முதலில் பணம். பிட்காயின் மென்பொருளைக் கட்டி வெளியிடுபவர் நினைத்தால், அல்லது அவருடைய கம்ப்யூட்டருக்குள் ஒரு திருடன் புகுந்தால், உலகம் முழுக்க இருப்பவர்களின் பணப்பையைக் காலி செய்துவிடலாம். அப்படி ஒரு கோப்பு வெளியானால் கட்டியவர் தான் செய்யவில்லை என்று நிரூபிக்கவும் வழியில்லை. 2011இல் கிட்டியன் என்ற கருவியோடு பிட்காயின்காரர்கள் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். பலர் தனித்தனியாகத் தங்கள் இடத்தில் ஒரே பதிப்பைக் கட்டுவார்கள். வந்த கோப்பின் ஹாஷை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற ஓர் எண்ணை, கையொப்பமிட்டு வெளியிடுவார்கள். எல்லா ஹாஷும் ஒன்றாக இருந்தால்தான் வெளியீடு. இதனால் யாரும் யாரையும் நம்பத் தேவையில்லை. யாரும் யாரையும் சந்தேகப்படவும் தேவையில்லை. இந்த இரண்டாவது லாபத்தைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அடுத்து பயம். 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் வரத் தொடங்கின. டோர் பிரவுசரைக் கட்டிக்கொண்டிருந்த மைக் பெர்ரி அப்போது ஏற்கெனவே இந்த வேலையில் இறங்கியிருந்தார். டோரைப் பயன்படுத்துபவர்களில் பத்திரிகையாளர்கள் உண்டு, அரசுகளுக்குப் பிடிக்காதவர்கள் உண்டு. அவர்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகத் தேடிப் பிடிப்பது கடினம். பிரவுசரைக் கட்டுபவரின் ஒரே ஒரு கம்ப்யூட்டரை உடைப்பது அதைவிடச் சுலபம். அதனால் பெர்ரியின் கணக்கு நேரடியானது: என்னைத் தாக்கி எந்தப் பிரயோஜனமும் இல்லை என்று ஆக்கிவிட வேண்டும். எவரும் தன் வீட்டில் கட்டி ஒப்பிட்டுப் பார்க்க முடிகிற பைனரியில் நான் மட்டும் ரகசியமாக ஏதும் நுழைக்க முடியாது. ஆகவே என்னை மிரட்டுவதும் வீண்.

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். பாதுகாப்பு என்றால் பயனரைக் காப்பது என்றுதான் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். இங்கே ஒரு பொறியாளர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் அதிகாரத்தைத் துறக்கிறார். என் கையில் இருப்பது ஆபத்தான சக்தி, அதை என் கையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்கிறார். நம் துறையில் அதிகம் கேட்காத குரல் இது. ஃபயர்ஃபாக்ஸ் அளவுக்குப் பெரிய ஒரு பிரவுசரை அப்படிக் கட்ட முடியும் என்று அவர் காட்டியபின், மற்றவர்கள் "முடியாது" என்று சொல்வது கஷ்டமாகிவிட்டது.

*

2013 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தில் டெபியன்காரர்களின் வருடாந்திரக் கூட்டம் நடந்தது. அங்கே லூனார் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்த ஜெரெமி பொபியோ, டெபியன் முழுவதையும் இப்படிக் கட்ட முடியுமா என்று ஒரு பேச்சைத் தொடங்கிவைத்தார். டோர் என்பது ஒரு மென்பொருள். டெபியன் என்பது பல்லாயிரம் மென்பொருள். உபுண்டு உட்பட எத்தனையோ லினக்ஸ்கள் அதன்மேல் நிற்கின்றன.

அப்போதைய நிலைமையையும் சொல்ல வேண்டும். டெபியனில் ஒரு பொதியைப் பராமரிக்கும் தன்னார்வலர் தன் கம்ப்யூட்டரில் கட்டிய பைனரியையே பதிவேற்றுவார். அவர் கட்டியது எந்த வகைக் கணினிக்கோ, அந்த வகைக்கு அந்தக் கோப்புதான் அப்படியே எல்லோருக்கும் போகும். உலகத்தின் சர்வர்களில் ஓடும் மென்பொருளில் ஒரு பங்கு, யாரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டு லேப்டாப்பில் கட்டியது. அவர்கள் மோசமானவர்கள் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் தங்கமானவர்கள். ஆனால் அவர்கள் லேப்டாப்பும் தங்கமா என்று யாருக்குத் தெரியும்? பராமரிப்பவரின் பைனரியை அடுத்த வெளியீட்டில் சேர்ப்பதில்லை என்று டெபியன் முடிவெடுத்தது 2019இல்தான்.

லூனாரும் உடன் இருந்தவர்களும் தொடங்கியது பிரமாண்டமான ஆராய்ச்சி இல்லை, துப்புரவு வேலை. கட்டு, மறுபடி கட்டு, ஒப்பிடு, எங்கே வேறுபடுகிறது என்று பார், ஏன் என்று கண்டுபிடி, திருத்தம் எழுது, அந்தப் பொதியின் பராமரிப்பாளருக்கு அனுப்பு, அவர் "இதெல்லாம் எதுக்கு" என்றால் பொறுமையாக விளக்கு. பிறகு அடுத்த பொதி. ஹோல்கர் லெவ்சன் இதைத் தானாகவே செய்யும் சோதனைச் சர்வர்களை 2014இல் நிறுவினார். டெபியனின் பொதிகள் ஒவ்வொன்றும் மாற்றி மாற்றிக் கட்டப்பட்டன. 2017இல் டெபியன் 9 வெளியானபோது, 90 சதவீதத்துக்கு மேற்பட்ட சோர்ஸ் பொதிகள் பிட்டுக்குப் பிட் ஒன்றாகக் கட்ட முடிபவை என்று அறிவித்தார்கள். நான்கே ஆண்டுகளில் 24இலிருந்து 90. அதற்குள் ஃபெடோரா, ஆர்ச், ஓப்பன்சூசே, எஃப்-டிராய்டு என்று மற்றவர்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். இது டெபியனின் வேலை என்பதிலிருந்து பொதுவேலை என்றானது.

லூனார் 2024 நவம்பரில் காலமானார். அவர் பெயரை இந்தியாவில் மென்பொருள் எழுதுபவர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். நாம் அனுப்பும் ஒவ்வொரு சர்வர் விண்ணப்பத்தின் அடியிலும் அவருடைய வேலை கிடக்கிறது.

*

சரி, ஒரே கோட் ஏன் வேறு வேறாக வருகிறது? எதிரிகளை வரிசையாகப் பார்க்கலாம்.

முதல் எதிரி, காலம். எந்தத் தேதியில், எந்த நேரத்தில் கட்டினேன் என்று பைனரிக்குள் பொறித்துவைப்பது பழைய வழக்கம். சி மொழியில் அதற்கென்றே ஏற்பாடு உண்டு. ஜிசிப் கோப்புக்குள் நேரம் இருக்கும், டார் கோப்புக்குள் ஒவ்வொரு கோப்புக்கும் நேரம் இருக்கும், பிடிஎஃப் கையேட்டுக்குள்ளும் நேரம் இருக்கும். கட்டிய நேரம் யாருக்கு வேண்டும்? கோட் கடைசியாக மாறிய நேரம்தானே பொருள் உள்ளது? அதனால் 2015இல் ஓர் எளிய உடன்பாடு செய்துகொண்டார்கள். சோர்ஸ் டேட் ஈபாக் என்று ஒரு சூழல் மாறி. 1970 ஜனவரி 1 முதல் எத்தனை நொடி என்ற ஓர் எண் அதில் இருக்கும். அது இருந்தால் கடிகாரத்தைப் பார்க்காதே, இதைப் பார். கம்பைலர்கள், ஆவணம் அச்சிடும் கருவிகள், பொதி கட்டும் கருவிகள் என்று ஒவ்வொன்றின் கதவையும் தட்டி இதை ஏற்கவைத்தார்கள். ஜிசிசி கம்பைலர் 2017இல் வந்த ஏழாம் பதிப்பில் ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது, இடம். உங்கள் ஹோம் டைரக்டரியின் பெயர் டீபக் தகவல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்றாவது, வரிசை. ஒரு டைரக்டரியில் என்னென்ன கோப்புகள் என்று லினக்ஸைக் கேட்டால், அது அகர வரிசையில் தரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஃபைல் சிஸ்டத்தின் மனம்போல் தரும். அதே வரிசையில் இணைத்தால் பைனரி மாறும். நான்காவது, மொழி. லொக்கேல் மாறினால் அகர வரிசையே மாறும். ஐந்தாவது, தற்செயல். சில மொழிகள் ஹாஷ் டேபிளின் வரிசையைப் பாதுகாப்புக்காக வேண்டுமென்றே ஒவ்வொரு முறையும் கலைத்துவிடும். ஆறாவது, கூட்டம். எட்டு கோர்களில் ஒரே நேரத்தில் வேலை நடந்தால், யார் முதலில் முடித்தார் என்பது கோப்புக்குள் பதிந்துவிடலாம்.

இவர்களைப் பிடிக்க வைத்த பொறிகள் சுவாரசியமானவை. டிஸார்டர்எஃப்எஸ் என்று ஒரு ஃபைல் சிஸ்டம். கோப்புகளை வேண்டுமென்றே தாறுமாறான வரிசையில் தருவது மட்டுமே அதன் பிழைப்பு. டெபியனின் சோதனைச் சர்வர்களில் முதல் கட்டு கிரீன்விச்சுக்கு 12 மணி பின்னால் உள்ள நேர மண்டலத்தில் நடக்கும், இரண்டாவது 14 மணி முன்னால் உள்ளதில். இரண்டுக்கும் நடுவில் 26 மணி நேரம். அதாவது எந்த நொடியில் ஓடவிட்டாலும் இரண்டு இடத்திலும் தேதி வேறாகத்தான் இருக்கும். கணினியின் பெயர், பயனர் பெயர், மொழி எல்லாவற்றையும் மாற்றுவார்கள். கடிகாரத்தையே ஓராண்டுக்கும் மேல் முன்னே தள்ளிவைப்பார்கள். இத்தனைக்கும் அசையாமல் அதே பைனரி வந்தால் பாஸ்.

வேறுபாடு வந்தால் காட்டிக்கொடுப்பதற்கு டிஃபோஸ்கோப் என்ற கருவி. லூனார் தொடங்கியதுதான். இரண்டு பொதிகளைக் கொடுத்தால், பொதியைப் பிரித்து, உள்ளே இருக்கும் டாரைப் பிரித்து, அதற்குள் இருக்கும் பைனரியைப் பிரித்து, கடைசியில் இந்த வரியில் இந்த எழுத்து வேறு என்று காட்டும். உ.வே.சாமிநாதையர் ஒரே நூலின் பல ஏட்டுச் சுவடிகளைத் திரட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடபேதம் குறித்தாரே, ஏறக்குறைய அந்த வேலை. ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே மூலம் தொலைந்துவிட்டது, பிரதிகள்தான் இருந்தன. இங்கே மூலம் நம் கையில் இருக்கிறது. பிரதி அதற்கு உண்மையாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நீங்களே ஒரு லினக்ஸ் கணினியை இதற்காகத் தயார் செய்ய நினைத்தால் வேலை நான்கு பகுதி. ஒன்று, உள்ளே போவதை உறுதியாக்குவது: கம்பைலரிலிருந்து சின்ன நூலகம் வரை எந்தப் பதிப்பு என்று எழுதிவைத்து, அதே பதிப்பைத் திரும்பக் கொண்டுவர முடிய வேண்டும். டெபியன் இதைப் பில்ட்இன்ஃபோ என்ற கோப்பில் எழுதிவைக்கிறது. பழைய பொதிகளைத் தேதிவாரியாகச் சேமித்துவைக்கும் தளமும் உண்டு. இரண்டு, கட்டும் அறையைச் சுத்தமாக்குவது: வெறும் சூழலில், இணையம் துண்டிக்கப்பட்டு, நேர மண்டலமும் மொழியும் பாதையும் நிலையாக. மூன்று, வெளியே வருவதைச் சீராக்குவது: டார் கட்டும்போது பெயர் வரிசைப்படுத்தி, உரிமையாளர் எண்ணைப் பூஜ்யமாக்கி, நேரத்தைச் சோர்ஸ் டேட் ஈபாக்குக்கு இறுக்கி. நான்கு, மேலே சொன்னபடி வேண்டுமென்றே சூழலைக் கலைத்து இரண்டு முறை கட்டி ஒப்பிடுவது. நான்காவதைச் செய்யாதவரை முதல் மூன்றும் நம்பிக்கை மட்டுமே.

"டாக்கர் போட்டா போதாதா?" என்று எல்லா ஆபீஸிலும் யாராவது ஒருவர் கேட்பார். போதாது. டாக்கர்ஃபைலின் முதல் வரிகளிலேயே பொதிப் பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்லியிருப்போம். அது இன்றைக்கு ஒரு பதிப்பை இறக்கும், அடுத்த மாதம் இன்னொன்றை. கன்டெய்னர் நமக்குத் தருவது ஏறக்குறைய அதே சூழல். "என் மெஷினில் ஓடுதே" என்ற பழைய வசனத்தை, மெஷினையே பெட்டியில் போட்டு அனுப்பித் தீர்த்துவைத்தது அது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருப்பது எதிலிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

*

இவ்வளவு மெனக்கெடல் தேவையா என்பதற்கு 2014 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த ஒரு ஹேக்கர் மாநாட்டில் மைக் பெர்ரியும் செத் ஷோயனும் ஒரு பதிலைக் காட்டினார்கள். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளில் 2002இல் ஒரு பிழை இருந்தது. "பெரியது" என்று ஒப்பிட்ட இடத்தில் "பெரியது அல்லது சமம்" என்று இருந்திருக்க வேண்டும். பிழையுள்ள பைனரிக்கும் திருத்திய பைனரிக்கும் நடுவில் வித்தியாசம் எவ்வளவு? ஒரே ஒரு பிட். லட்சக்கணக்கான பிட்டுகளில் ஒன்று புரண்டால் பூட்டிய கதவு திறந்துவிடுகிறது. "ஏறக்குறைய ஒன்று" என்பது ஏன் உதவாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கம்பைலர் படிக்கும்போது மட்டும் சோர்ஸ் கோப்பை மாற்றிக் காட்டும் ஒரு கெர்னல் தந்திரத்தையும் அங்கே செய்துகாட்டினார்கள். எடிட்டரில் திறந்தால் சுத்தமான கோட். கம்பைலருக்குப் போவது வேறு.

அது வெறும் வித்தை என்று நினைத்தவர்களுக்கு 2020 டிசம்பரில் பதில் வந்தது. சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் பில்ட் சர்வருக்குள் நுழைந்தவர்கள், கம்பைல் தொடங்கும் நொடிக்காகக் காத்திருக்கும் ஒரு புரோகிராமை அங்கே விட்டுவைத்திருந்தார்கள். கட்டத் தொடங்கியதும் ஒரு சோர்ஸ் கோப்பைத் தன்னுடையதோடு மாற்றும். கட்டி முடிந்ததும் பழையதைத் திரும்ப வைத்துவிடும். கோடை எத்தனை பேர் ஆய்வு செய்தாலும் ஒன்றும் தெரியாது. வெளியே போன அப்டேட்டில் நிறுவனத்தின் உண்மையான கையொப்பமே இருந்தது. அதிகபட்சம் 18,000 வாடிக்கையாளர்கள் அதை நிறுவியிருக்கலாம் என்று நிறுவனமே சொன்னது. அமெரிக்க அரசுத் துறைகளும் அதில் இருந்தன. கையொப்பம் சொல்வது இதை யார் தந்தார் என்பதை. உள்ளே என்ன இருக்கிறது என்பதை அல்ல. வேறொரு கணினியில் அதே கோடைக் கட்டி இரண்டு ஹாஷையும் பக்கத்தில் வைத்திருந்தால் அன்றே வெளிப்பட்டிருக்கும். அதன்பின் அந்த நிறுவனம் தனித்தனிச் சூழல்களில் இணையாகக் கட்டி ஒப்பிடும் முறைக்கு மாறுவதாக அறிவித்தது.

*

இப்போது தாம்ப்சனிடம் திரும்பலாம். எல்லோரும் ஒரே கெட்டுப்போன கம்பைலரைக் கொண்டு கட்டினால், எல்லோருக்கும் ஒரே கெட்டுப்போன பைனரிதானே வரும்? ஹாஷ் ஒத்துப்போகும், திருட்டும் ஒத்துப்போகும்.

டேவிட் வீலர் 2005இல் ஒரு கட்டுரையிலும் 2009இல் தன் முனைவர் பட்ட ஆய்விலும் இதற்கு ஒரு வழி காட்டினார். சந்தேகத்துக்குரிய கம்பைலரின் சோர்ஸை, சம்பந்தமே இல்லாத இன்னொரு கம்பைலரைக் கொண்டு கட்டுங்கள். வரும் பைனரி பார்க்க வேறாக இருக்கும்; ஆனால் வேலை அதே வேலையைத்தான் செய்யும், ஏனென்றால் சோர்ஸ் ஒன்று. இப்போது அந்தப் புதிய பைனரியைக் கொண்டு அதே சோர்ஸை மறுபடி கட்டுங்கள். இந்த இரண்டாவது விளைவு, சந்தேகத்துக்குரிய கம்பைலர் தன்னைத்தானே கட்டிக்கொண்ட பைனரியோடு பிட்டுக்குப் பிட் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எங்கோ இடிக்கிறது. இரண்டாவது கம்பைலர் யோக்கியமானதாகக்கூட இருக்க வேண்டாம். அதே திருட்டைச் செய்யாமல் இருந்தால் போதும். இருபது வருடம் தீர்க்க முடியாதது என்று வைத்திருந்த புதிருக்கு இது விடை. ஆனால் இந்த விடைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: கட்டும் முறை மீள்கட்டாக இருக்க வேண்டும். கட்டும்போதெல்லாம் தேதி மாறினால் ஒப்பிடவே முடியாது. நேரத்தையும் வரிசையையும் துடைத்தெடுத்த அந்தத் துப்புரவு வேலை, தாம்ப்சனின் தத்துவச் சிக்கலுக்கும் தளம் போட்டுக்கொடுத்தது.

இன்னொரு பாதை நெதர்லாந்திலிருந்து வந்தது. எல்கோ டோல்ஸ்ட்ரா 2003 வாக்கில் தொடங்கி, 2006இல் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வேடாக முன்வைத்த நிக்ஸ். அதில் ஒவ்வொரு மென்பொருளும், தான் எதையெல்லாம் கொண்டு கட்டப்பட்டதோ அவை எல்லாவற்றின் ஹாஷையும் தன் முகவரியிலேயே சுமந்துகொண்டிருக்கும். அதே யோசனையில் 2012இல் லுடோவிக் கூர்டெஸ் தொடங்கியது கூயிக்ஸ். அந்தக் கூட்டத்தினர் கேட்ட கேள்வி பிடிவாதமானது: கம்பைலரைக் கட்ட ஒரு கம்பைலர், அதைக் கட்ட இன்னொன்று என்று பின்னால் போனால் கடைசியில் யாரோ கொடுத்த ஒரு பைனரியில்தானே நிற்கிறோம், அதை எவ்வளவு சின்னதாக்க முடியும்? 2023இல் பதில் வந்தது. 357 பைட். இந்தப் பத்தியைவிடச் சின்னது. அந்த 357 பைட்டை ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துப் புரிந்துகொள்ளலாம். அதிலிருந்து ஒரு சின்னக் கருவி, அதிலிருந்து ஓர் அசெம்ப்ளர், அதிலிருந்து எளிய சி கம்பைலர் என்று ஏறி ஏறி ஜிசிசி வரை வந்து, மொத்த லினக்ஸையும் கட்டுகிறார்கள். பிட்காயினும் 2021இல் கிட்டியனை விட்டுவிட்டுக் கூயிக்ஸுக்கு மாறிக்கொண்டது.

*

இத்தோடு சுபம் என்று முடித்துவிட முடியாது. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் புதிய பதிப்புகளில் பின்கதவு இருப்பதை அறிவித்தார். தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவது ஏன் என்று தேடப்போய் அவர் கண்டுபிடித்தது அது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாகப் பங்களித்து, நம்பிக்கை பெற்று, வெளியிடும் உரிமையும் பெற்று அதை நுழைத்திருந்தார்.

மீள்கட்டு இதைத் தடுத்திருக்குமா? நேர்மையான பதில், நேரடியாகத் தடுத்திருக்காது. கெட்ட சோர்ஸை யார் கட்டினாலும் அதே கெட்ட பைனரிதான் வரும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்கதவைத் தூண்டிவிடும் ஸ்கிரிப்ட், எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகத் தனியாகக் கட்டிய டார் கோப்பில் மட்டும் இருந்தது. எதைப் படிக்கிறோமோ அதுவும் எதைக் கட்டுகிறோமோ அதுவும் ஒன்றுதானா என்ற பழைய கேள்வி, ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. பைனரியை மட்டும் ஒப்பிட்டால் போதாது, அந்த டாரும் களஞ்சியத்திலிருந்து அப்படியே மறுபடி உருவாக வேண்டும் என்பதை அதன்பிறகு பலர் உணர்ந்தார்கள்.

ஜியா டானின் கதையில் எனக்குப் பயமாக இருப்பது தொழில்நுட்பம் இல்லை. களைத்துப்போன ஒரே ஒரு பராமரிப்பாளர்மேல் உலகம் சாய்ந்துகொண்டிருந்தது என்பதுதான். மீள்கட்டு அவருக்கு ஓய்வு தராது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோடைப் படிக்க இன்னொரு ஆளையும் தராது. அது மனிதர்கள்தான் செய்ய வேண்டிய வேலை.

அப்படியானால் அது என்னதான் தருகிறது? சந்தேகப்பட வேண்டிய இடத்தைச் சுருக்கித் தருகிறது. முன்பு கோட், கம்பைலர், கட்டியவரின் லேப்டாப், சர்வர், கட்டியவரின் யோக்கியதை என்று எல்லாவற்றையும் ஒருசேர நம்ப வேண்டியிருந்தது. இப்போது கோடைப் படித்தால் போதும் என்ற நிலைக்கு மெல்ல வந்துகொண்டிருக்கிறோம். படிப்பது கஷ்டம்தான். ஆனால் படிப்பதற்குப் பலன் உண்டு என்றாவது ஆகியிருக்கிறது. சிக்னல் தன் ஆண்ட்ராய்டு செயலியை 2016 முதல் இப்படிச் சோதிக்க வழிசெய்திருக்கிறது. கோ மொழியின் கருவிகள் 2023 முதல் முழுக்க மீள்கட்டாக வருகின்றன.

இதைப் படிப்பவர்களில் புரோகிராம் எழுதுபவர்கள் நிச்சயம் சிலர் இருப்பீர்கள். இன்றிரவு உங்கள் புராஜெக்டை இரண்டு முறை கட்டி, இரண்டு கோப்புகளின் ஹாஷையும் பாருங்கள். அநேகமாக ஒன்றாக இருக்காது. ஏன் என்று தேடத் தொடங்கினால், உங்கள் கோடுக்குள் உங்களுக்கே தெரியாமல் உட்கார்ந்திருக்கும் தேதியும் ஊரும் பெயரும் ஒவ்வொன்றாக வெளியே வரும்.